மாமரத்துக்கு மரபணு வரைபடம்: முதன்முதலாகப் போடுபவர்களுக்கு

கிருஷ்ணகிரியிலும் எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கமும் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். நீலம் வருடா வருடம் காய்க்கும். அல்போன்சா ஒரு வருடம் கொட்டிவிட்டு மறுவருடம் ஏமாற்றும். அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேட ஒரு வரைபடம் வேண்டும், அதாவது மார்க்கர் எனப்படும் அடையாள இடங்கள் குரோமோசோமில் எந்த வரிசையில், எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று காட்டும் படம்.

முதல் வேலை, குடும்பம் உண்டாக்குவது. பாதி உழைப்பு இதிலேயே போய்விடும். நீலம் தாய், அல்போன்சா தந்தை என்று வைத்துக்கொள்வோம். பூங்கொத்தில் இருபால் பூக்களின் மகரந்தப்பையைக் கிள்ளிவிட்டு, அல்போன்சா மகரந்தத்தைத் தடவிப் பை கட்டவேண்டும். நூறு பூவுக்குத் தடவினாலும் நிற்கும் பிஞ்சு கைவிரலுக்குள் அடங்கும். ஒலூர், சந்திரக்காரன் போன்ற கேரள ரகங்களைத் தாயாக வைக்காதீர்கள். அவற்றில் ஒரே கொட்டையிலிருந்து பல கன்றுகள் வரும். பெரும்பாலும் தாயின் நகல்கள்தான்.

92 நாற்று சேர்ந்தால் போதும். பெற்றோர் இரண்டு, கலப்படம் நேர்ந்தால் காட்டிக்கொடுக்க வெறும் தண்ணீர் இரண்டு. சோதனைக்கூடத்தின் 96 குழித் தட்டு நிறைந்துவிடும்.

அடுத்து, டி.என்.ஏ. எடுக்க இலை. செம்பு நிறத் தளிரைப் பறியுங்கள். முற்றிய இலையை அரைத்து என் முதல் டி.என்.ஏ. டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது. பெற்றோர் ஒட்டு மரமாயிற்றே, ஒட்டுக்குக் கீழே கிளைத்த தளிரைத் தொடவே கூடாது; அது வேறு மரம். சி.டி.ஏ.பி. (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் பி.வி.பி. (கறையைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) கலந்து 65 டிகிரியில் வைத்தால் பிசுக்கும் கறையும் கட்டுப்படும்.

எஸ்.எஸ்.ஆர். மார்க்கர் என்பது, சிஏசிஏசிஏ என்று டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடம். ஒரு குரோமோசோமில் 10 தடவை, அதன் ஜோடியில் 14 தடவை வரலாம். பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் முறையில் அந்த இடத்தைப் பெருக்கி, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டினால் நீளமானது பின்தங்கும்; ஒவ்வொரு அளவும் ஒரு பட்டையாகத் தெரியும். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்குச் சாதாரண அகரோஸ் ஜெல் போதாது; பாலிஅக்ரிலமைடு ஜெல் வேண்டும்.

இங்கே ஒரு சோதனை. அல்போன்சாவின் பட்டை ஒன்றுகூட இல்லாத நாற்று அல்போன்சாவின் பிள்ளை இல்லை. பை கட்டியும் தப்பு நடக்கும். மனம் இளகாமல் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் எண்ணுவது. நீலத்தில் இரண்டு அளவு, அல்போன்சாவில் ஒரே அளவு காட்டும் மார்க்கர்களை முதலில் எடுங்கள். பிள்ளைகள் பாதிக்குப் பாதி பிரியவேண்டும். 50, 42 என்று வந்தால் கை வர்க்கம் (எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு) 0.70தான், வரம்பான 3.84க்குக் கீழே, பயமில்லை. இப்படி இரண்டு மார்க்கர்கள் 83 நாற்றில் ஜோடியாகவே போய், 9இல் மட்டும் பிரிந்தால், இடைவெளி சுமார் 10 சென்டிமார்கன் (நூற்றுக்கு ஒன்று பிரிந்தால் சுமார் ஒரு சென்டிமார்கன்). 1913இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் பழ ஈயில் செய்ததும் இதே எண்ணிக்கைதான். நம் இரண்டு மார்க்கர்களும் தற்செயலாகச் சேர்ந்து போகவில்லை என்பதற்குச் சான்றான லாட் மதிப்பு 15 அளவுக்கு வரும். வழக்கமாக 3 இருந்தாலே பிணைப்பு, அதாவது ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பவை என்று ஏற்பார்கள்.

மாவுக்கு 40 குரோமோசோம், அதாவது 20 ஜோடி. பிணைந்த மார்க்கர்களை மென்பொருள் 20க்குப் பதில் 26 தொகுதியாகக் காட்டினால் நடுவே மார்க்கர் போதவில்லை என்று பொருள், இன்னும் சேருங்கள்.

காய்ப்பைப் பார்க்கச் சில வருடம் காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு கன்றிலும் எண்ணைத் தகரத்தில் பொறித்துக் கட்டுங்கள். பெயின்டில் எழுதியது இரண்டு மழைக்குத் தாங்காது.