பள்ளிப் பணத்துக்குக் கணக்கு கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலூர் மாவட்டத்தில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், பெண்கள் கழிப்பறையின் கதவு ஒரு வருடமாகப் பெயர்ந்து கிடந்தது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடித்து வெளியே நிற்பாள். "கிராண்ட் வந்துச்சே, என்ன ஆச்சு?" என்று நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், நீள வரிசை. கழிப்பறைக் கதவு, சத்துணவு முட்டை, விரிசல் விட்ட சுவர், எச்.எம். தாமதமாக வருவது என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தோம். சில மாதம் கழித்து "விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. கதவு அப்படியேதான் கிடந்தது.

எங்கள் முதல் தவறு அந்த மனுவிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பணம் வரும் பைகள் பல. சத்துணவு சமூக நலத் துறையைச் சேர்ந்தது. அதில் குறை என்றால் ஒன்றிய அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவையோ, கலெக்டரின் நேர்முக உதவியாளரையோ (சத்துணவு) கேட்க வேண்டும். கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டட வேலை பெரும்பாலும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் வழியாக நடக்கும். அங்கே கேட்க வேண்டியது எஸ்டிமேட்டும் எம் புக்கும் (அளவுப் பதிவுப் புத்தகம்). எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை அடி சுவர் என்று அளந்து எழுதிப் பணம் கொடுத்த கணக்கு அந்த எம் புக்கில்தான் இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் வசூலித்த பணம் தனிக் கணக்கு. பெற்றோர் அதிகம் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வரும் மானியம் வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால் ஒவ்வொரு அலுவலகமும் "இது எங்கள் வேலை இல்லை" என்று நியாயமாகவே அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிடும்.

பழைய வட ஆர்க்காட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் வேலூருக்கே பஸ் ஏறுவதும் உண்டு. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்குத் திருப்பத்தூர்.

அடுத்து, எவ்வளவு வந்தது என்று தெரியாமலே "லட்சக்கணக்கில் அடித்துவிட்டார்கள்" என்று பேசுவது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) வருடாந்தரப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. திட்ட விதிப்படி 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். சாக்பீஸ், கரண்ட் பில், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இதற்குள்தான். எண்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 25,000 ரூபாயை வைத்துக்கொண்டு காம்பவுண்டு சுவர் கட்ட முடியாது.

பணம் உண்மையில் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. 2024-25இல் பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று மத்திய அரசு தன் பங்கைத் தரவில்லை. நிலுவை 2,152 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. தில்லியில் நின்ற பணத்துக்கு ஊர் எச்.எம்.மைத் திட்டி என்ன பயன்? பாஸ்புக்கில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்துப் பதறுவதும் இதே போலத்தான். 2021க்குப் பிறகு மத்திய நிதி சேரும் திட்டங்களில் பணத்தை மாநில அளவில் ஒரே கணக்கில் வைத்து, கீழே உள்ள கணக்குகளைப் பூஜ்ய இருப்பில் நடத்தும் முறை வந்துவிட்டது. பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும்தான் கிடைக்கும். வருடத்துக்குள் செலவழிக்காவிட்டால் அதுவும் போய்விடும். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் பில்கள் குவிவது இதனால்தான். அந்த வாரத்துப் பில்களை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது நம்மவர்கள் கேட்கும் கேள்வி, "கதவை ஏன் சரி செய்யவில்லை?" அது கேள்வி, தகவல் இல்லை. ஏற்கெனவே காகிதத்தில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். "2022-23ஆம் ஆண்டுப் பள்ளி மானியத்துக்கான ரொக்கப் பதிவேடு, வவுச்சர்கள், இருப்புப் பதிவேடு, குழுத் தீர்மானம், பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று ஒரு பள்ளி, ஒரு தலைப்பு, ஒரு வருடம் எனக் குறுக்கிக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள், கெடுவை நிரூபிக்க அதுதான் கையில் இருக்கும்.

நாங்கள் அப்படிக் கேட்டு வாங்கிய நகல்களுக்குள், கதவுக்கும் கீலுக்கும் ஒரு ஹார்டுவேர் கடைப் பில் இருந்தது. மார்ச் 29 தேதி. அதோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒரு தீர்மானம், நானும் அந்தக் குழுவில் இருந்தேன். அதில் ஆறாவதாக இருந்தது என் கையெழுத்து.

போட்டது ஞாபகம்கூட இருந்தது. கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மினிட்ஸ் நோட்டு வந்தது. மேலே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. "அப்புறம் எழுதிக்கிறோம் சார்" என்றார்கள். குழுத் தலைவி பீடி சுற்றிப் பிழைக்கும் அம்மா. அவருக்கு முன்னால் நான் போட்டேன், என்னைப் பார்த்து அவரும் போட்டார். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையை இந்தக் குழுவுக்கே கொடுத்திருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் வாயைத் திறந்து வவுச்சரைக் கேட்டு, கேட்டதை மினிட்ஸில் எழுதச் சொல்லியிருந்தால் கலெக்டர் ஆபீஸுக்கே போயிருக்க வேண்டாம். காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை என்பேன்.

ஆதாரம் கிடைத்த சூட்டில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு "திருடன்" என்று எழுதத் தோன்றும். அவதூறு வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது எழுதியவர்தான். எடுத்ததும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஓடுவதும் அவசரம். லஞ்சம் கேட்டால் நேராகப் போகலாம். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பில் விவகாரத்துக்கு, நகல்களை இணைத்து வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்தால் துறை விசாரணை வரும். ஆசிரியர்கள் பயப்படுவது 17ஏ, 17பி மெமோவுக்குத்தான், அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு மெமோவுக்கு. "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தால் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு இன்னொரு பத்து ரூபாய் ஸ்டாம்ப்.

எங்கள் விஷயத்தில் விசாரணைக்கு முந்தின நாளே கதவு வந்துவிட்டது, தகரக் கதவு. பில்லில் இருந்தது பி.வி.சி. அந்த வித்தியாசத்தைக் கேட்டு ஒரு மனு இப்போது முதல் மேல்முறையீட்டில் இருக்கிறது.