தத்தெடுப்பு வீதத்தைக் கணக்கிடுவது எப்படி: வகுக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

"போன வருடம் எத்தனை வீதமான பிள்ளைகள் தத்துப் போனார்கள்?" நன்கொடை தருபவர் கேட்பார், பத்திரிகையிலிருந்து கேட்பார்கள், புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தரும் கேட்பார். எல்லோருக்கும் ஒரே ஒரு எண் வேண்டும். கொழும்பில் சிறுவர் இல்லங்களிலிருந்தும் வளர்ப்புக் குடும்பங்களிலிருந்தும் வரும் பதிவுகளைத் திரட்டி ஆண்டறிக்கைக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. எண்ணைச் சொல்லுமுன் நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். எந்தப் பிள்ளைகளில்? எவ்வளவு காலத்துக்குள்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதாமல் எக்செல்லைத் திறக்க வேண்டாம்.

ஏன் என்று அமெரிக்காவின் கணக்கில் பாருங்கள். அங்கே ஆஃப்கார்ஸ் என்ற மத்திய அரசின் தரவு அமைப்புக்கு எல்லா மாநிலங்களும் பதிவு அனுப்புகின்றன. 2021 நிதியாண்டில் பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 54,200 பேர். அந்த ஆண்டின் கடைசி நாளான செப்டெம்பர் 30 அன்று பராமரிப்பில் இருந்தவர்கள் சுமார் 391,000 பேர். இதால் வகுத்தால் 14 வீதம். அந்த ஆண்டில் ஏதோ ஒரு வழியில் பராமரிப்பை விட்டு வெளியேறியவர்கள் ஏறத்தாழ 215,000 பேர். இதால் வகுத்தால் 25 வீதம். தத்துக்காகக் காத்திருப்பவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் சுமார் 113,600 பேர். இதால் வகுத்தால் 48 வந்துவிடும். மேலே உள்ள எண் ஒன்றுதான், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான். ஒருவர் 14 என்றும் இன்னொருவர் 48 என்றும் மேடையில் சொன்னால் இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்பவருக்கு எதுவும் விளங்கப்போவதில்லை.

அந்த 48இல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தத்துப் போன பிள்ளைகள் ஆண்டின் கடைசி நாளில் காத்திருப்போர் பட்டியலில் இல்லை, அவர்கள்தான் போய்விட்டார்களே. அதனால் அது உண்மையில் வீதமே அல்ல, இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது மட்டும்தான். வகுக்கப்படும் பிள்ளைகள் வகுக்கும் எண்ணுக்குள் அடங்க வேண்டும். சரியாகச் செய்வதென்றால், வருடம் தொடங்கும்போது காத்திருந்தவர்களோடு அந்த வருடத்தில் புதிதாகக் காத்திருப்புக்கு வந்தவர்களையும் சேர்த்து, அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தத்துப் போனார்கள் என்று பாருங்கள்.

இங்கே இலங்கையில் இதே தவறு வேறு வழியில் வரும். நீதிமன்றங்கள் கொடுத்த தத்தெடுப்புக் கட்டளைகளின் மொத்தத்தை எடுத்து, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் தொகையால் வகுத்துவிடுவார்கள். கட்டளை பெற்ற பிள்ளைகளில் சிலர் ஒருநாளும் ஒரு இல்லத்தில் இருந்ததில்லை. சித்தியோ மாமாவோ தத்தெடுத்த பிள்ளையும் அந்த மொத்தத்துக்குள் இருக்கும். பராமரிப்பிலிருந்து போன பிள்ளைகளை மட்டும் மேலே வையுங்கள்.

கீழே யாரை வைப்பது? இல்லத்தில் இருக்கும் எல்லோரையும் வைத்தால் வீதம் மிகச் சிறிதாக வரும், "இவ்வளவு பிள்ளைகள் வீணாகக் காத்திருக்கிறார்களே" என்று படிப்பவர் பதறுவார். ஆனால் நம் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். வறுமை, தாயின் வெளிநாட்டு வேலை, வீட்டில் வன்முறை, பாடசாலை தூரம் என்று வந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய பிள்ளையைத் தத்துப் போகாத பிள்ளை என்று எண்ணக்கூடாது. சட்டப்படி தத்துக் கொடுக்கக்கூடியவர் என்று பிள்ளையின் கோவையில் தீர்மானமானவர்களை மட்டும் கீழே வையுங்கள்.

வயது எல்லையையும் கவனியுங்கள். 1941ஆம் ஆண்டின் மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டம் எழுதப்பட்டபோது பிள்ளை என்றால் 14 வயதுக்குக் குறைந்தவர். 10 வயதைத் தாண்டியவரின் சம்மதமும் வேண்டியிருந்தது. நீங்கள் எந்த வருடத்தை அளக்கிறீர்களோ அந்த வருடத்தில் நடைமுறையில் இருந்த எல்லையைத் திருத்தங்களோடு பார்த்து எடுங்கள். அதற்கு மேற்பட்டவர்களைக் கீழே வைத்தால், நடக்கவே முடியாத ஒன்று நடக்கவில்லை என்று கணக்கு எழுதுகிறீர்கள்.

இனி காலம். பலர் டிசெம்பர் 31 அன்று இருப்பவர்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். காலி வீதியில் ஒரு பஸ் தரிப்பிடத்தைப் படம் பிடித்துப் பாருங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு வந்தவர் அடுத்த நிமிடமே ஏறிப் போயிருப்பார். படத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் எப்போதாவது வரும் பஸ்ஸுக்காக நிற்பவர்கள். ஒருநாள் கணக்கும் அப்படித்தான். கைக்குழந்தையாக வந்து சில மாதங்களில் தத்துப் போன பிள்ளை அதில் தெரியவே மாட்டாள். எட்டு வருடமாக இருக்கும் பையன் எட்டு டிசெம்பரிலும் தெரிவான்.

அதனால் நான் எப்போதும் பராமரிப்புக்கு வந்த வருடத்தை வைத்துப் பின்தொடர்வேன். 2019இல் 40 பிள்ளைகள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரையும் வந்த நாளிலிருந்து 36 மாதம் பாருங்கள். 21 பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள், 6 பேர் தத்துப் போனார்கள், 3 பேர் 18 வயதாகி வெளியேறினார்கள், 10 பேர் இன்னும் இருக்கிறார்கள். வந்த எல்லோரிலும் தத்தெடுப்பு வீதம் 40இல் 6, அதாவது 15. தத்துக் கொடுக்கக்கூடியவர்களில் எத்தனை வீதம் என்பது மேலே சொன்னபடி தனிக் கணக்கு. வெளியேறிய 30 பேரை மட்டும் வைத்தால் 20 வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இன்னும் உள்ளே இருக்கும் அந்தப் 10 பிள்ளைகளும் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். எனக்கு இதுதான் மனதை உறுத்தும். யாருக்காக இந்தக் கணக்கைப் பார்க்கிறோமோ அவர்களையே விட்டுவிடுகிறோம்.

நான்கு விளைவுகளையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். தத்தெடுப்பு வீதம் தனியே கூடியதா குறைந்ததா என்று பார்த்துப் பயனில்லை. அதிகமான பிள்ளைகள் தாயிடம் திரும்பியதால் அது குறைந்திருக்கலாம், அது நல்ல செய்தி. வீதம் கூடுவது எப்போதும் நல்லதல்ல என்று இந்த நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். போலித் தாய்மார், போலிப் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் பின்னால் வெளிவந்தன. இன்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்ற தாயைத் தேடி வருகிறார்கள். அன்று யாராவது வீதம் கணக்கிட்டிருந்தால் அது மிக உயரமாகத்தான் இருந்திருக்கும்.

திகதிகளில் இரண்டை விடாமல் எழுதுங்கள்: பிள்ளை புதிய வீட்டுக்குப் போன நாள், நீதிமன்றம் கட்டளையிட்ட நாள். வீதத்துக்குக் கட்டளை நாள். பிள்ளை எவ்வளவு காலம் காத்திருந்தது என்று பார்க்க வீட்டுக்குப் போன நாள். நீதிமன்றத் தாமதத்தால் நவம்பரில் போன பிள்ளை அடுத்த வருடக் கணக்கில் விழும், பரவாயில்லை, எல்லா வருடமும் ஒரே முறையைப் பிடித்தால் போதும்.

அப்புறம் பதிவேடு. உண்மையான வேலை இங்கேதான். ஒரு இடாப்பில் ஒரு வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: பெண், வந்தபோது வயது 4, வெளியேறிய திகதி சரியாக இருக்கிறது, காரணத்தில் "பாரமளிக்கப்பட்டது" என்ற ஒரு சொல். யாரிடம்? அதற்கு எழுத்தில் பதில் இல்லை. தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "ஓ, அந்தப் பிள்ளையா, அம்மம்மா வந்து கூட்டிக்கொண்டு போயிட்டா" என்றார் மேட்ரன். ஊகித்துத் தத்தெடுப்பு என்று போட்டிருந்தால் அந்தச் சிறிய இல்லத்தின் வீதமே மாறியிருக்கும். காரணக் கட்டத்தில் வீடு, உறவினர், தத்தெடுப்பு, வேறு இல்லம், வயது, மரணம் என்று தெரிவுகளை வைத்து, சுதந்திரமாக எழுத இடமே கொடுக்காதீர்கள்.

வேறு இல்லத்துக்கு மாறுவது வெளியேற்றம் அல்ல. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு வேலை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணங்களிடம் போனது. மத்திய மாகாணத்தில் தமிழில் பதிந்த பிள்ளை மேல் மாகாணத்துக்கு வந்தால் பெயர் சிங்களத்தில் வேறு எழுத்துக்கூட்டலோடு ஏறும், ஒரே பிள்ளை இரண்டாகிவிடும். பெயரை நம்பாமல் பிறந்த திகதி, தாயின் பெயர், முதன்முதல் பராமரிப்புக்கு வந்த நாள் மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளைக்கு முதல் வருகையையே தொடக்கமாக எடுங்கள்.

வயது, உடல்நலம், சகோதரர்களோடு வந்தவரா என்பவற்றால் பிரித்துப் பார்க்காமல் அறிக்கையை மூடாதீர்கள். கைக்குழந்தைகளின் வீதமும் ஒன்பது வயதுப் பையனின் வீதமும் ஒன்றாகக் கலந்தால் அவன் நிலை யாருக்கும் தெரியாது. ஆனால் பிரிக்கப் பிரிக்க எண்கள் சிறுத்துவிடும். ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவு என்றால் வீதம் போடாமல் "7 பேரில் 2" என்று எழுதுங்கள். வெளியே போகும் அறிக்கையில் அதுகூட வேண்டாம். ஊர், வயது, குறைபாடு மூன்றும் ஒரே வரியில் வந்தால் அயலவருக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அந்த வரியைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.