குழந்தையைப் படமெடுக்கக் கட்டுப்படியான ஸ்டூடியோ: விலைப்பட்டியலை நம்பாமல் தேடுவது எப்படி?

கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன். கைக்குழந்தையிலிருந்து நான்கைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஸ்டூடியோக்களின் பெயரைத் தேடி எடுப்பது உங்கள் பாடு, வரைபடச் செயலியில் போட்டாலே பத்து வந்து நிற்கும். வேலை அதற்கு அப்புறம்தான்.

படி 1: எத்தனை படம் வேண்டும்?

யாரிடமும் பேசுவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். சுவரில் மாட்டப் பெரிதாக ஒன்று, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளுக்கும் ஒவ்வொன்று, குடும்பமாக ஒன்று, கைவசம் வைத்துக்கொள்ள இரண்டு. ஆக ஆறு. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம். எண்ணிக்கை இல்லாமல் போனால் ஸ்டூடியோக்காரர் தன் பேக்கேஜைக் காட்டுவார், நீங்களும் அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

படி 2: விலை கேட்பது

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டூடியோ விலையில் குறைந்தது மூன்று துண்டுகள் இருக்கும்: படமெடுக்கும் கட்டணம், பிரிண்ட் விலை, டிஜிட்டல் ஃபைல் விலை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் தெரிவது முதல் துண்டு மட்டும். "படமெடுக்கக் கட்டணமே இல்லை" என்று போட்டிருந்தால் அந்தக் காசு மற்ற இரண்டில் ஏறியிருக்கும். எங்காவது ஏறித்தானே ஆக வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்டூடியோவில் படமெடுக்க 100, ஒரு ஃபைலுக்கு 150. இரண்டாவதில் படமெடுக்க 500, அதிலேயே ஐந்து ஃபைல் சேர்த்தி, கூடுதல் ஃபைலுக்கு 60. பார்த்தவுடன் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். உங்களுக்கு வேண்டிய ஆறு ஃபைலுக்கு முதல் இடத்தில் 1000 ஆகிறது, இரண்டாவதில் 560.

அதனால் "பேக்கேஜ் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "ஆறு படம், முழு அளவு ஃபைலாக, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இதற்கு மேல் எதற்காவது தனியாகக் காசு வாங்குவீர்களா?" இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உடை மாற்றினால், பின்னணித் திரை மாற்றினால், அண்ணனோ அக்காவோ சேர்ந்து நின்றால் என்று ஒவ்வொன்றுக்கும் வாங்கும் இடங்கள் உண்டு.

போனில் கேட்பதைவிட மெசேஜில் கேட்பதே எனக்குப் பிடிக்கும். பதில் எழுத்தில் இருக்கும், பணம் கட்டும் நாளில் எடுத்துக் காட்டலாம். "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் நான் அடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்விடுவேன்.

இன்னொன்று. படமெடுத்த கையோடு பெரிய திரையில் எல்லாவற்றையும் ஓடவிட்டு அங்கேயே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உங்கள் பிள்ளை முகம் அவ்வளவு பெரிதாகச் சிரிக்கும்போது எதை வேண்டாம் என்பது? ஆறு பதினாறாகிவிடும். வீட்டுக்குப் போய் லிங்கில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

படி 3: அவர்கள் எடுத்த படங்களைப் பார்ப்பது

ஸ்டூடியோ தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் பத்துப் படங்கள் பொறுக்கி எடுத்தவை. உங்கள் பிள்ளை வயதுள்ள ஒரே குழந்தையின் முழுத் தொகுப்பையும், அந்தப் பெற்றோர் சம்மதித்திருந்தால், காட்டச் சொல்லுங்கள். தூங்கும் சிசுவை அழகாக எடுப்பவருக்கு ஓடும் இரண்டு வயதுப் பிள்ளையை எடுக்க வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். இமைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா? கன்னத்துப் பூனைமுடி இருக்கிறதா, இல்லை மாவு பூசியதுபோல் மழுங்கிவிட்டதா? மழுங்கியிருந்தால் ஒரே ஃபில்டரை எல்லாப் படத்துக்கும் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். தலைமுடி ஓரத்தில் கத்தரித்ததுபோல் கோடு தெரிந்தால் பின்னணியைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒட்டிய மாளிகையைவிட வெறும் சாம்பல் திரை எவ்வளவோ மேல்.

சிசு தன் கைகளில் முகவாயை ஊன்றி உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பொதுவாக இரண்டு படங்களைச் சேர்த்துச் செய்வது. ஒன்றில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், மற்றதில் கையைப் பிடித்திருப்பார், பிறகு பிடித்திருந்தவரின் கைகளைப் படத்திலிருந்து அழித்துவிடுவார்கள். "குழந்தை தானாகவே அப்படி இருக்கும்" என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

படி 4: நேரில் ஒரு எட்டு

ஐந்து நிமிடம் போதும். விளக்குக் கம்பங்களின் காலில் மணல்மூட்டை மாதிரி ஏதாவது பாரம் வைத்திருக்கிறார்களா, தரையில் ஒயர் இழுபடுகிறதா, கூடைகளும் போர்வைகளும் துவைத்தவையா என்று பாருங்கள். பால் கொடுக்கவும் உடை மாற்றவும் ஒரு மறைவு வேண்டும். அவ்வளவுதான்.

படி 5: நேரம் குறிப்பது

உங்களுக்கு வசதியான நேரம் முக்கியமில்லை, பிள்ளை தூங்கி எழுந்து வயிறு நிறைந்த நேரம்தான் முக்கியம். தடுப்பூசி போட்ட மறுநாள் வேண்டாம், காய்ச்சல் வரலாம். விடுமுறை நாளைத் தவிர்த்து வார நாளில் போனால் கூட்டமும் இருக்காது, சில இடங்களில் விலையும் குறையும். "மினி செஷன்" என்று ஒரே பின்னணியில் இருபது நிமிடம்போல எடுத்துச் சில படங்கள் மட்டும் தருவார்கள். சிறு பிள்ளைகளுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். அதற்கு மேல் அவர்களுக்கும் பொறுமை இருக்காது.

முன்பணம் கட்டும் முன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றால் அதையும் அதே தாளில் எழுதிவிடலாம். படத்தின் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும், எழுதிவைத்தால் வம்பில்லை.

படி 6: ஃபைலைச் சரிபார்ப்பது

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். லிங்காகவோ பென்டிரைவிலோ வாங்குங்கள். எனக்கு லிங்க் போதும், ஆனால் அது காலாவதியாவதற்குள் இறக்கி இரண்டு இடத்தில் வைத்துவிட வேண்டும். பிக்சல் அளவையும் பாருங்கள்: அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான கணக்கில் 4×6 பிரிண்டுக்கு 1200×1800, 8×10க்கு 2400×3000 வேண்டும். நீள்பக்கம் 1600 பிக்சல்தான் இருக்கிறது என்றால் அது 4×6க்கே கொஞ்சம் போதாது.

பிரிண்டில் மேட் தாளையே கேளுங்கள். பளபளத் தாளில் பிள்ளைகளின் கைரேகைதான் முதலில் தெரியும்.

பின்சேர்க்கை: 8×10 பிரிண்டில் பிள்ளையின் கால்விரல்கள் வெட்டுப்பட்டுவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். ஸ்டூடியோவைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். கேமராக்கள் பலவற்றில் படம் 3:2 விகிதத்தில் விழும். 4×6, 8×12 இரண்டும் அதே விகிதம். 8×10 என்றால் நீளவாக்கில் ஆறில் ஒரு பங்கு போயே தீரும். பிரேம் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதன் அளவைப் படமெடுக்கும் முன்பே சொல்லுங்கள், சுற்றி இடம்விட்டு எடுப்பார்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ப்ளாஷ் கண்ணைக் கெடுக்குமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் மாட்டும் துணிப்பெட்டி) வழியாகப் பரவி வரும் சாதாரண ஸ்டூடியோ ப்ளாஷால் பயமில்லை. ஆனால் ப்ளாஷ் படங்களில் ஒரு கண்மணி மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால், கோணத்தால்கூட அப்படி விழலாம் என்றாலும், குழந்தையைத் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரைப் புற்றுநோய்கூட முதலில் அப்படித் தெரியவருவதுண்டு. அந்தப் படத்தைத் திருத்தச் சொல்லாமல் அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.