போட்டி நாளில் டோட்டலைத் தொலைக்கும் வழிகள்

பெரியமேடு நேரு ஸ்டேடியமானாலும் சரி, வடசென்னையில் ஒரு பள்ளி ஹாலானாலும் சரி, ஆண்கள் பளுதூக்கும் போட்டி முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள். ஏதாவது ஒரு பெயருக்கு எதிரே டோட்டல் (இரண்டு வகை லிஃப்ட்டிலும் தூக்கிய சிறந்த எடைகளின் கூட்டுத்தொகை) கட்டம் காலியாக இருக்கும். பெரும்பாலும் அது நன்றாகத் தூக்கத் தெரிந்த பையனின் பெயர். முதுகு வளைவதையும் முழங்கை மடங்குவதையும் கோச் தினமும் சொல்கிறார், அவை இங்கே வேண்டாம். போட்டி நாளன்று மட்டும் நடக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

ஓப்பனரை ஆசைக்கு எழுதுவது

போட்டிக்கு முன் உடல் எடை பார்க்கும்போதே ஸ்னாட்ச்சுக்கும் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) கிளீன் அண்ட் ஜெர்க்குக்கும் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) தொடக்க எடையை, அதாவது ஓப்பனரை, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று அட்டெம்ப்ட். ஸ்னாட்ச்சில் அதிகபட்சம் 100 கிலோ தூக்கும் பையன் 98 எழுதுகிறான். கேட்டால், "அவன் 96-ல ஆரம்பிக்கிறான் மாஸ்டர்" என்பான். அடுத்தவன் ஓப்பனரைப் பார்த்துத் தன் ஓப்பனரை எழுதுவதைப் போல எரிச்சலூட்டும் பழக்கம் இந்த விளையாட்டில் இல்லை.

பாரில் ஏறிய எடை இறங்காது. 98 விழுந்தால் அடுத்ததும் 98 அல்லது அதற்கு மேல்தான். இடையில் வேறு யாரும் தூக்க வராவிட்டால் மூச்சு வாங்க இரண்டே நிமிடம். மூன்றும் விழுந்தால் ஸ்னாட்ச்சோடு டோட்டலும் போயிற்று.

உலகத் தரத்திலும் இது நடக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக், ஆண்கள் 73 கிலோ பிரிவு. ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம் வென்ற சீனாவின் ஷி ஸியோங் ஸ்னாட்ச்சில் 165 தூக்கி முன்னணியில் நின்றார். கிளீன் அண்ட் ஜெர்க்கை 191-ல் தொடங்கினார். மூன்று முறையும் அதே 191, மூன்றும் தோல்வி. இந்தோனேசியாவின் ரிஸ்கி ஜூனியன்ஷா 155, 199 என 354 கிலோவோடு தங்கத்தைக் கொண்டுபோனார். வெண்கலம் வாங்கிய பல்கேரியாவின் போஷிதார் ஆண்ட்ரீவ் எடுத்தது 344. ஷிக்கு 180 ஏறியிருந்தாலே 345 வந்திருக்கும். தங்கத்தைத் தவிர வேறெதற்கும் வராதவருக்கு அந்தத் துணிச்சல் தகும். மாவட்டப் போட்டியில் முதல் டோட்டல் போட வந்த தம்பிக்கு எதற்கு?

சரி, என்ன எழுதுவது? கடைசி இரண்டு மூன்று வாரப் பயிற்சியில், தூக்கமில்லாத நாளிலும் கால் கனத்த நாளிலும் ஒருமுறைகூடத் தவறாத எடை எதுவோ, அதை. பெரும்பாலும் அது உங்கள் அதிகபட்சத்தில் 90 முதல் 93 சதவீதத்துக்குள் இருக்கும். ஸ்னாட்ச் 100, கிளீன் அண்ட் ஜெர்க் 125 தூக்குபவர் என்றால் 92-லும் 115-லும் தொடங்கலாம். அடுத்து 97, 120. மூன்றாவதுதான் துணிவதற்கு.

இந்தத் தவறின் வேர் பல நேரம் என்ட்ரி ஃபாரத்தில் இருக்கிறது. சர்வதேச விதிப்படி, இரண்டு ஓப்பனர்களின் கூட்டுத்தொகை, ஃபாரத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த டோட்டலைவிட (என்ட்ரி டோட்டல்) 20 கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. உண்மையான 225-ஐக் கொடுத்தால் 205 போதும், 92-ம் 115-ம் சேர்ந்து 207 வந்துவிடும். கெத்துக்காக 235 என்று ஊதிவிட்டால் குறைந்தது 215 வேண்டும். அப்போது 97, 118 என்று, நல்ல நாளில் மட்டும் ஏறும் எடைகளில் தொடங்கியாக வேண்டிய நிலை.

எழுதிய ஓப்பனரை மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு அட்டெம்ப்ட்டுக்கும் இரண்டு மாற்றங்கள் உண்டு. ஸ்னாட்ச்சில் முதுகோ மணிக்கட்டோ பிடித்துக்கொண்டால், இடைவேளைப் பத்து நிமிடத்திலேயே கோச் மார்ஷல் மேசைக்கு (எடை மாற்றங்களைப் பதியும் இடம்) போய் கிளீன் அண்ட் ஜெர்க் ஓப்பனரைக் குறைக்க வேண்டும். 20 கிலோ விதிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார் அந்த எடையைத் தாண்டிவிட்டாலோ, கடிகாரத்தில் கடைசி 30 நொடி மணி அடித்துவிட்டாலோ மாற்ற முடியாது.

எண்ணாமல் வார்ம்-அப் செய்வது

பெயரைக் கூப்பிடும் வரிசை எடையைப் பொறுத்தது, பட்டியலை அல்ல. குறைந்த எடை முதலில். உங்கள் ஓப்பனருக்கு முன் மேடையில் எத்தனை அட்டெம்ப்ட் பாக்கி என்று, ஒவ்வொருவரும் கேட்ட எடை எழுதிய கார்டுகளைப் பார்த்து எண்ணுங்கள். ஒன்றுக்குச் சுமார் ஒரு நிமிடம். மூன்று அட்டெம்ப்ட்டுக்கு ஒரு வார்ம்-அப் லிஃப்ட் என்று வைத்துக்கொண்டால், 92 ஓப்பனருக்கு 40, 55, 65, 75, 82, 87 என ஆறு லிஃப்ட்டுக்குப் பதினெட்டு அட்டெம்ப்ட் முன்பே தொடங்க வேண்டும்.

முன்னால் இருப்பவர் திடீரென்று ஐந்து கிலோ ஏற்றினால் உங்கள் முறை முன்னே வந்துவிடும். அப்போது 82-ஐத் தாண்டி நேராக 87-க்குப் போங்கள். மாறாக ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் 80-ல் ஒரு முறை தூக்கி உடம்பைச் சூடாக வைத்திருங்கள்.

மூன்றாவது அட்டெம்ப்ட்டில் சொந்த ரெக்கார்டை நினைப்பது

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த், ஆண்கள் 55 கிலோ. ஸ்னாட்ச்சில் 113 தூக்கிய நம்முடைய சங்கேத் சர்கர், மலேசியாவின் அனிக் கஸ்தானைவிட ஆறு கிலோ முன்னே. அடுத்த சுற்றில் சங்கேத் 135 தூக்கினார், 139 இரண்டு முறையும் போனது. முழங்கையிலும் அடி. மொத்தம் 248. அனிக்குக்கு ஸ்னாட்ச் 107, தேவை 142. ஒரு கிலோ கூடவுமில்லை, குறையவுமில்லை, அதைத்தான் கேட்டு ஏற்றினார். 249, தங்கம்.

சம டோட்டல் வந்தால் அதை முதலில் எட்டியவருக்கே இடம். ஆகவே எதிராளி ஏற்கெனவே எட்டியிருந்தால் ஒரு கிலோ கூடுதலாகக் கேளுங்கள். தேவையில்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்ச் 144, கிளீன் அண்ட் ஜெர்க் 173 என 317-ல் நின்றார். இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 171-ஐ இரண்டு முறை தவறவிட்டதும், சதீஷ் தன் கடைசி லிஃப்ட்டைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

மே மாதத்தில் எடை குறைப்பது

எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கும், ஒரு மணி நேரம் நடக்கும். சென்னைப் புழுக்கத்தில் வியர்த்துத் தொலைத்த நீர் அதற்குள் முழுதாகத் திரும்பாது. ஸ்னாட்ச் எப்படியோ ஓடிவிடும், ஜெர்க்கில் தொடை பிடித்துக்கொள்ளும். புதியவர் கீழ் எடைப் பிரிவுக்கு இறங்காமல் மேல் பிரிவிலேயே தூக்கட்டும். பிரிவுகளும் மாறுகின்றன: 2025 ஜூன் பட்டியலில் 73 கிடையாது, 71-ம் 79-ம் வந்தன. ஃபாரம் எழுதும் முன் நடப்புப் பட்டியலைப் பாருங்கள்.

தொடையில் எண்ணெய், பவுடர்

விதிப்படி தடை. கைக்குப் பூசும் சாக் (மெக்னீசியம் பொடி) மட்டும்.

சிக்னலுக்கு முன் இறக்குவது

நடுவரின் டவுன் சிக்னல் (பாரை இறக்கலாம் என்ற குறி) வரும்வரை அசையாமல் நில்லுங்கள். வந்த பிறகும் தோளுக்கு மேலேயே பாரைக் கைவிட்டால் ரெட் லைட்தான், லிஃப்ட் செல்லாது.