ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் எங்கே விழும்?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர்களை மிரட்டுவது உயிரெழுத்துகளின் தலையில் நிற்கும் சாய்கோடு. அது நமக்கு உதவத்தான் நிற்கிறது.

சொல் உயிரெழுத்திலோ 'என்', 'எஸ்' எழுத்துகளிலோ முடிந்தால் ஈற்றயல் அசையை, அதாவது கடைசிக்கு முந்தையதை, அழுத்திச் சொல்லுங்கள். வீட்டைக் குறிக்கும் 'காசா'வில் 'கா' அழுந்தும். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசை, மாட்ரிட் அப்படித்தான். இவற்றுக்கு அடங்காத சொல்லுக்கே பெரும்பாலும் கோடு. கோட்டைக் கண்டால் யோசிக்காமல் அங்கே அழுத்தலாம்.

அலட்சியம் செய்தால் பொருளே மாறும். 'ஆப்லோ'வின் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி ஓகாரத்தில் கோடிட்டு அழுத்தினால் 'அவர் பேசினார்'. ஆளும் காலமும் ஒரே கோட்டில் மாறிவிடுகின்றன!

பலரும் தடுமாறுவது பன்மையில். பாடலைக் குறிக்கும் 'கான்சியோன்' 'என்'னில் முடிந்தும் கடைசி அசையில் அழுந்துவதால் கோடு பெறுகிறது. பன்மையில் 'கான்சியோனெஸ்' ஆனதும் அழுத்தம் அதே ஓகாரத்தில்தான்; ஆனால் அது இப்போது ஈற்றயல். கோடு உதிர்ந்துவிடும். இளைஞரைக் குறிக்கும் 'ஹோபென்' நேர்மாறு: 'ஹோபெனெஸ்' ஆகும்போது முதல் ஓகாரத்தில் கோடு வந்து ஏறிக்கொள்ளும். இந்த இரண்டு சொற்களையும் எழுதிப் பார்த்தாலே விதி பிடிபட்டுவிடும்.

பெரிய எழுத்துகளுக்குக் கோடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராயல் ஸ்பானிஷ் அகாடமியின் விதிப்படி அங்கும் கட்டாயம். கைபேசியின் ஸ்பானிஷ் விசைப்பலகையில் உயிரெழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் கோடிட்ட எழுத்து மேலே தோன்றும்.