க்ரோலர்-முல்லர் போகிறீர்களா? காட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

நெதர்லாந்தின் க்ரோலர்-முல்லர் கலை அருங்காட்சியகத்தை ஆம்ஸ்டர்டாம் பயணத்தில் மிச்சமிருக்கும் ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அது ஹோகே வேலுவே தேசியப் பூங்காவின் காட்டுக்குள் இருக்கிறது. ரயில் அதுவரை போகாது; ஏடே-வாகனிங்கன் அல்லது அப்பல்டோர்ன் நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடிக்க வேண்டும். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

டிக்கெட்டிலும் பலர் ஏமாறுகிறார்கள். பூங்காவுக்கு ஒன்று, அருங்காட்சியகத்துக்கு ஒன்று என இரண்டும் வேண்டும். திங்கட்கிழமை பூங்கா திறந்திருக்கும். ஆனால் பொது விடுமுறையாக இல்லாவிட்டால் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

பூங்கா வாசலில் வெள்ளை சைக்கிள்கள் நிற்கும், இலவசம்தான். அதை விட்டுவிட்டு காரிலேயே அருங்காட்சியக வாசல்வரை போய் இறங்காதீர்கள். மரங்களும் புதர்வெளியும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் மிதித்துப் போனால், ஓவியங்களுக்கு முன்னால் நிற்கும்போது மனம் ஏற்கெனவே நிதானமாகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: கைப்பிடியில் பிரேக் தேடாதீர்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் வண்டி நிற்கும். கிளம்பும் முன் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போயாயிற்று. இங்கே வான்கோவின் ஓவியங்கள் மட்டும் கிட்டத்தட்ட 90 இருக்கின்றன. 1888இல் அவர் வரைந்த இரவு நேரக் காபிக் கடை ஓவியத்தைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். வெளியே 25 ஹெக்டேரில் சிற்பத் தோட்டம் காத்திருக்கிறதே! அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். அருங்காட்சியகம் மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தோட்டத்தை மூடிவிடுவார்கள். மழைக் கோட்டும் நல்ல நடைக் காலணியும் இல்லாமல் போகாதீர்கள்.

திறந்தவெளியில் இருப்பதால் எல்லாவற்றையும் தொடலாம் என்று எண்ண வேண்டாம். கை வியர்வையின் உப்பு வெண்கலத்தின் மேற்பூச்சை அரிக்கும். ஆனால் பிரெஞ்சுக் கலைஞர் ழான் துபுஃபே 1974இல் முடித்த, தோட்டம் போன்ற பெரிய வெள்ளைச் சிற்பத்தின்மேல் ஏறி நடக்கலாம். அது அதற்காகவே செய்தது.

அப்புறம், குளத்தில் மிதக்கும், சிற்பி மார்த்தா பானின் வெள்ளைச் சிற்பம். ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தால் அது அசையாத பொருளாகவே தெரியும். காற்று வரும்வரை கரையில் நில்லுங்கள், மெல்லத் திரும்பும்.