எந்தச் சமன்பாட்டுக்கு எந்த வளையி? பூச்சியத்தில் தொடங்குங்கள்

மட்டக்களப்பு வாவியின் நன்னீர் ஓரங்களில் மாரி மழைக்குப் பிறகு ஆற்றுவாழை பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாய் அளவு கிடந்தது இரண்டு பாய் ஆகும், பிறகு நான்கு, எட்டு. வாய்ப்பான தண்ணீரில் ஏறத்தாழ இரண்டு கிழமையில் இரட்டித்துவிடும். இதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணால் பெருகுவதுதான் அடுக்குக்குறி வளர்ச்சி. பெருக்கும் எண் 1ஐ விடச் சிறிய நேர் எண்ணாக இருந்தால் தேய்வு.

பரீட்சையில் நான்கு சமன்பாடு, நான்கு வரைபு தந்து பொருத்தச் சொன்னால், பிள்ளைகள் முதலில் வளையியின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் பிழைக்கிறது. அச்சின் அளவிடையை மாற்றினால் மெதுவான வளையியும் செங்குத்தாக எழும்பி நிற்கும். எண்களை நம்புங்கள்.

கீழே ந என்பது கடந்த தவணைகள், ப என்பது அளவு. ^ குறிக்கு முன்னால் நிற்கும் எண் அடி, அடுத்து வருவது சுட்டி.

1) ப = 3 × 2^ந
2) ப = 3 × 1.5^ந
3) ப = 12 × 0.5^ந
4) ப = 3 × 2^(−ந)

வரைபு அ: 3இல் தொடங்கி ஏறுகிறது, ந = 1இல் 4.5.
வரைபு ஆ: 12இல் தொடங்கி இறங்குகிறது, ந = 1இல் 6.
வரைபு இ: 3இல் தொடங்கி இறங்குகிறது, ந = 1இல் 1.5.
வரைபு ஈ: 3இல் தொடங்கி ஏறுகிறது, ந = 1இல் 6.

முதற்படி: ந = 0 போடுங்கள். பூச்சியம் அல்லாத எந்த அடியின் பூச்சிய அடுக்கும் 1 என்பதால், முன்னால் நிற்கும் எண்தான் வளையி நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம். 12இல் வெட்டுவது ஆ மட்டும், ஆகவே அது 3ஆம் சமன்பாடு. ஒன்று முடிந்தது.

இரண்டாம் படி: மிச்சம் மூன்றும் 3இலேயே தொடங்குகின்றன. இப்போது ந = 1இல் உள்ள உயரத்தைத் தொடக்க உயரத்தால் வகுங்கள். வரும் எண்தான் அடி. அ: 4.5 ÷ 3 = 1.5, ஆகவே 2ஆம் சமன்பாடு. ஈ: 6 ÷ 3 = 2, ஆகவே 1ஆம் சமன்பாடு. ஆவும் ஈயும் ந = 1இல் ஒரே புள்ளியில் சந்திப்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் ஒரு புள்ளியை மட்டும் பார்த்து விடை எழுதக்கூடாது.

நான்காவதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. அடி 2 என்றதும் வளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். சுட்டியின் முன்னால் இருக்கும் சிறு கோட்டைப் பாருங்கள். 2^(−1) என்றால் அரை. ஆகவே 2^(−ந) என்பது 0.5^ந தான். 3, 1.5, 0.75 என்று இறங்கும், அது இ. இரண்டையும் ஒரே தாளில் ந-வின் மறைப் பெறுமானங்களுக்கும் நீட்டி வரைந்து, தாளை நிலைக்குத்து அச்சில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் இயும் ஈயும் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒருமுறை மடித்துப் பாருங்கள், பிறகு மறக்காது.

இறங்கும் வளையி கிடை அச்சைத் தொடாது. தைரொயிட் சிகிச்சைக்குக் கொடுக்கும் அயடீன்-131 ஏறத்தாழ 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். 12 அலகு என்றால் 6, 3, 1.5. பாதியாக்கிக்கொண்டே போனால் பூச்சியம் வராது. வளையி நெருங்கிப் போகும் அந்தக் கோடுதான் அணுகுகோடு.

சரி, அணுகுகோடு அச்சை விட்டு மேலே இருந்தால்? மேசையில் ஆறும் பிளேன்டீயை எடுங்கள்: ப = 30 + 60 × 0.9^ந, அறையின் வெப்பநிலை 30 பாகை. ந = 0இல் 60 வராது, 90 வரும். அடுத்தது 84. இங்கே 84 ÷ 90 என்று வகுத்தால் பிழை. முதலில் அடிமட்டத்தை வைத்து 30இல் ஒரு கிடைக்கோடு போடுங்கள். உயரத்தை அந்தக் கோட்டிலிருந்து அளந்தால் 60, 54. வகுத்தால் 0.9.